முந்நூறு அட்டைகள்

புத்தகப் பெட்டி வந்தால் முதலில் சாமி படத்தின் முன் வைத்துக் கற்பூரம் காட்ட வேண்டும் என்று கலாதேவி ஒரு மாதமாகத் திட்டம் போட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் பெட்டிகள் வந்து இறங்கியதும் கற்பூரமாவது ஒன்றாவது. கூடத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து, காய் நறுக்கும் கத்தியால் முதல் பெட்டியைக் கிழித்தாள்.

ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில் பதிவு மேசையில் வேலை. வயது நாற்பத்திரண்டு. முதல் புத்தகம். ‘மெல்லப் பேசும் வீடு’ என்று தலைப்பு, இளையோருக்கான நாவல். ஊரை விட்டு ஓடிவந்து, பாதுகாப்பாகத் தலைசாய்க்க ஓர் இடம் தேடி அலையும் அகதிக் குடும்பங்களின் கதை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மண்டபத்தில் வெளியீடு.

மேலே இருந்த பிரதியைக் கையில் எடுத்தாள்.

அட்டை முழுக்க, கதையைத் தந்த அகதிக் குடும்பத்துப் பெண் தர்மிகா புகைப்படமாக நின்றுகொண்டிருந்தாள். பதினான்கு வயது முகம், பளிச்சென்று. பின்னால் அவளுடைய வீடு, கதவில் சிவப்புச் சாயத்தில் எழுதிய எண், அதற்கும் பின்னால் தோட்டத்துக் கோயிலின் கோபுரம். ஆயர் தாவார் பக்கத்து ஆள் யாராக இருந்தாலும் ஒரே பார்வையில் இடத்தைச் சொல்லிவிடுவார்கள்.

நாவலுக்குள் கலாதேவி பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் மாற்றியிருந்தாள். பெயர், தோட்டம், ஆறு, நாயின் நிறம்கூட. வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத்து லயன் வீடு எப்படி இருக்கும் என்று அட்டை வரைகிற பையனுக்குப் புரிய வேண்டுமே என்றுதான் தன் போனில் எடுத்திருந்த அந்தப் படத்தை அனுப்பினாள். அவனுக்குப் படம் பிடித்துப்போய்விட்டது, வரைகிற வேலையும் மிச்சம் என்று அதையே அட்டையில் போட்டுவிட்டான். அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கச் சொல்லி எல்லாவற்றையும் அனுப்பத்தான் செய்தான். உள்பக்கங்களை அவள் ஐந்து முறை படித்து ஒற்றுப்பிழை தேடினாள். அட்டையில் என்ன பிழை இருக்கப்போகிறது என்று அதைத் திறக்கவேயில்லை. எழுத்தாளர்களின் புத்தி இப்படித்தான் வேலை செய்யும்.

மூன்று வருடங்களுக்கு முன், கன்னம் வீங்கிய மகள் தர்மிகாவைக் கூட்டிக்கொண்டு யோகமலர் கிளினிக்குக்கு வந்தாள். அடையாள அட்டை எண் கேட்டதற்கு அகதி என்று ஐ.நா. கொடுத்த கார்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். முல்லைத்தீவுப் பக்கத்துக் குடும்பம். கார்டு இருந்தும் அவள் புருசனை ஒருமுறை போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போய் நான்கு மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஊருக்கு ஒதுக்குப்புறமாக, ரப்பர் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்துவிட்ட பழைய தோட்டமொன்றில் காலியாய்க் கிடந்த வீட்டில் குடியேறினார்கள். பழக்கமான பிறகு அவள் வாய் திறந்து சொன்னதெல்லாம்தான் நாவல். “உங்க மொகமோ வீடோ எதுலயும் வராது” என்று அந்த வாசலில் நின்று கலாதேவி சத்தியம் செய்திருந்தாள்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்த கலாதேவியின் புருசன் விக்னேஸ்வரன், ஏர்கோன் மெக்கானிக், அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அழைப்பிதழ்ல இந்தப் படம் போயிருச்சா?”

போகவில்லை. பிரமுகர்கள் ஏழு பேரின் படத்தைப் போட்டதில் புத்தகத்துக்கு இடமில்லாமல் போயிருந்தது. பிரமுகர்கள் மேல் கலாதேவிக்கு அன்றுதான் முதன்முதலாக மரியாதை வந்தது.

“அப்ப இன்னும் யாரும் பார்க்கல லா. நாளைக்கு நேரா போய் சொல்லிருவோம். பெட்டிகளயும் கொண்டு போலாம். அவங்க வேணாம்னு சொன்னா வெளியீடு வேணாம்.”

சனிக்கிழமை காலை லயனில் கார் நின்றதும் பக்கத்து வீட்டுச் செல்லாயி குறுக்கே வந்து நின்றாள். முன்னால் இறங்கிய விக்னேஸ்வரனை அவளுக்குத் தெரியாது.

“யாரு வேணும்? அந்த வீட்டுல ஆளே இல்ல லா. காலியா கெடக்கு.”

கொடியில் ஈரத்துணி சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கண் இமைக்காமல் பொய் சொன்னாள். பிறகு கலாதேவி இறங்குவதைப் பார்த்து, “நீயா? மொதல்ல எறங்குறதுக்கு என்னா” என்று விலகிக்கொண்டாள்.

யோகமலர் அட்டையை வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“போட மாட்டன் எண்டு சொன்னனீங்கள்தானே, அக்கா.”

“சொன்னேன். தப்பு பண்ணிட்டேன். என் மேலதான் தப்பு. நாளைக்கு எதுவும் வேணாம், எல்லாத்தயும் இங்கயே எரிச்சிருவோம்.”

வெட்கத்தில் அவளுக்கு அழுகை வந்தது. அடக்கவும் முடியவில்லை. தர்மிகா அதற்குள் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்திருந்தாள்.

“அம்மா, இதில நாங்கள் இல்லை. ஆனா நாங்கள்தான்,” என்றாள் தலைநிமிராமல். “இதை எரிக்க வேண்டாம். அட்டையை மட்டும் எடுத்தாக் காணும்தானே?”

யோகமலர் மகளைப் பார்த்தாள். “மற்றப் பிள்ளையள் வாசிக்க வேணும் எண்டுதானே நானும் சொன்னனான்,” என்றாள் மெதுவாக. “முகம் போகக்கூடாது. கதை போகட்டும்.”

கலாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

விக்னேஸ்வரன் காரிலிருந்து தாள் வெட்டும் சிறு கத்தியையும் இரும்பு அடிக்கோலையும் எடுத்து வந்தான். முதல் புத்தகத்தின் முன்னட்டையை மடிப்போரம் வைத்துச் சீராக இழுத்தான். “போத்தாக்கா போச்சு லா,” என்று மொட்டையாகிப்போன புத்தகத்தைத் தூக்கிக் காட்டினான். செல்லாயி மகனை மோட்டார் சைக்கிளில் ஆயர் தாவாருக்கு விரட்டி, பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போடுகிற காக்கித்தாளும் பசையும் வாங்கிவரச் சொன்னாள். லயனில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி தாளை மடித்தாள், ஒருத்தி பசை தடவினாள், இன்னொருத்தி எதற்கு என்றே கேட்காமல் அடுக்கிவைத்தாள். தர்மிகா கறுப்பு மையில் ஒவ்வொரு காக்கி அட்டையிலும் ‘மெல்லப் பேசும் வீடு’ என்று எழுதினாள். நூறு தாண்டியதும் கை வலிக்கிறது என்று உதறிக்கொண்டாள். யார் கேட்டும் பேனாவை விடவில்லை.

சாயங்காலம் வெட்டிய அட்டைகள் முந்நூறும் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. சருகு எரிக்கிற குழிப்பக்கம் அவற்றைக் கொண்டுபோகலாம் என்று கலாதேவி அள்ளினாள். யோகமலர் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ர பிள்ளையின்ர முகத்தை நெருப்பில போட விடமாட்டன்.”

“வெளிய ஒண்ணு போனாலும் சூசாதானே? கஷ்டம் உங்களுக்குத்தான்.”

“ஒண்டும் வெளிய போகாது. எண்ணி எடுத்து வைக்கிறன். நீங்கள் போங்கோ.”

ஞாயிற்றுக்கிழமை வெளியீடு ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. தலைமை தாங்கிய பிரமுகர் காக்கி அட்டையைத் தடவிப்பார்த்து, எளிமையின் அழகு என்று கால்மணி நேரம் பேசினார். அவர் புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். சாந்தினி என்ற உயர்நிலைப் பள்ளி மாணவி வந்து, அட்டையில் எழுதியவர் யார், அவர் பெயரை ஏன் போடவில்லை என்று கேட்டாள்.

“அவங்களே வேணாம்னு சொல்லிட்டாங்க மா,” என்றாள் கலாதேவி.

அடுத்த ஞாயிறு அவள் மட்டும் பேருந்து பிடித்துத் தோட்டத்துக்குப் போனாள். ஒரு வாரமாக மனத்தில் ஒரு முள் இருந்தது: அந்த முந்நூறு அட்டைகள். யாராவது சோதனைக்கு வந்து கட்டுக்கட்டாகக் கண்டெடுத்தால் என்ன பதில் சொல்வது?

செல்லாயி இந்த முறை கையை ஆட்டி உள்ளே போகச் சொன்னாள். கலாதேவி செருப்பைக் கழற்றிவிட்டு வாசலைத் தாண்டினாள். தாண்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பலகைச் சுவர் நான்கிலும், தரையிலிருந்து கைக்கு எட்டும் உயரம் வரை, தர்மிகா. மிச்சமிருந்த பசையால் இடைவெளி இல்லாமல் வரிசை வரிசையாக ஒட்டியிருந்தது. அவள் பிறந்ததிலிருந்து வீட்டில் ஒரு படம் மாட்டியதில்லை. போனில் எடுத்தாலும் யாராவது பிடுங்கிப் பார்த்துவிடுவார்கள் என்று அன்றைக்கே அழித்துவிடுவார்கள். கார்டில் இருந்த தபால்தலை அளவு முகம் ஒன்றுதான் அவர்களிடம் இருந்த மகள்.

“இருவத்தினாலு மணித்தியாலமும் நானே என்னைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிக் கிடக்கு. சொல்லுங்கோ அம்மாக்கு,” என்று தர்மிகா முகத்தைச் சுளித்தாள்.

“பலகை இடுக்கால சாரல் வாறதும் நிண்டிட்டுது,” என்றாள் யோகமலர், அதற்காகத்தான் ஒட்டியது போல.

பிறகு தேநீர்க் கோப்பையைக் கலாதேவியின் கையில் கொடுத்துவிட்டு, சுவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

“எங்கட வீட்டில இப்ப முந்நூறு பேர், அக்கா. ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.”

சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். மூன்று வருடத்தில் அந்த வீட்டிலிருந்து தெருவுக்குக் கேட்கும்படி ஒரு சத்தம் வந்தது அன்றைக்குத்தான். யாரும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தவில்லை.