சாக்பீஸ் பதினெட்டு

"பகல் மாதிரி இருக்கே!" என்று நேற்று பட்டறையில் இன்ஜினியர் அம்மா கைதட்டியதிலிருந்து ஒயர்மேனுக்கு வயிற்றெரிச்சல். சாக்கடைக் குழாய்க்குள் கேமரா விடுவதில் பன்னிரண்டு வருஷம் தேய்ந்தவர் அவர். கைதட்டல் மட்டும் தங்கை புருஷனுக்கு! வேலைக்கு வந்து எட்டு மாசம் ஆகவில்லை. கேமராவில் டியூப்லைட்டுகளுக்குப் பக்கத்திலேயே, அவற்றை எரியவைக்கும் இன்வெர்ட்டர் பெட்டியைப் பொருத்திவிட்டானாம். பெரிய விஞ்ஞானி!

இன்று நிஜக் குழாயில் சோதனை. விளக்கு எரிந்தால் கேமரா வேனின் பொறுப்பு மாப்பிள்ளைக்கு. எரியாவிட்டால் ஒயர்மேனுக்கு.

எரியாது. அது அவருக்கு மட்டும் தெரியும். பட்டறையில் மாப்பிள்ளை சோதித்தது பத்து மீட்டர் கேபிளில். வேனில் உருளையில் சுற்றியிருப்பதோ நூற்றைம்பது மீட்டர். இங்கே இருபத்துநாலு வோல்ட் கொடுத்தால் அந்த முனைக்குப் பதினெட்டுதான் போய்ச் சேரும். காலையிலேயே அளந்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

உருளை சுழன்றது. கேமரா குழிக்குள் இறங்கியது. மாப்பிள்ளை சுவிட்சைப் போட்டான்.

திரை கன்னங்கரேல்.

"என்னங்க, உங்க பகல் அதுக்குள்ள அஸ்தமிச்சிடுச்சா?" என்றார் இன்ஜினியர் அம்மா.

ஒயர்மேனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அப்போதுதான் உருளையைப் பார்த்தார். பகீரென்றது!

எதை அளந்தாலும் உருளையின் பக்கவாட்டில் சாக்பீஸால் குறித்துவைப்பது அவர் வழக்கம். இன்றும் கை தானாகக் குறித்திருக்கிறது. காலையில் அடிப்பக்கம் இருந்த எழுத்து, சுழன்று மேலே வந்து நின்றது: 'இன்று, 18.'

மாப்பிள்ளையும் படித்துவிட்டான். ஒரு கணம் அவரைப் பார்த்தான். தொலைந்தோம்!

அவன் உருளையின் மேல் சாவகாசமாக முதுகைச் சாய்த்தான். எழுத்து மறைந்தது.

"மச்சான், இவ்வளவு நீளத்துல வோல்டேஜ் இறங்கிடும்ல? எனக்கு உறைக்கவே இல்ல. எவ்வளவுக்கு ஏத்தணும்?"

ஒயர்மேன் வோல்டேஜ் குமிழைக் காட்டினார். "முப்பத்திரண்டுல வைங்க, மாப்பிள்ளை."

குமிழ் திரும்பியது. டியூப்கள் இரண்டு முறை கண் சிமிட்டிப் பளீரென எரிந்தன. குழாயின் கீறல் திரையில் மயிரிழை பிசகாமல் தெரிந்தது.

"மச்சான் சொன்னதுதாங்க மேடம்."

"அதை ஒத்துக்கிற மனசு இருக்கே, அது பெருசு. வேன் இனி உங்க பொறுப்பு."

சாவி வாங்க மாப்பிள்ளை திரும்பினான். நீலச் சட்டையின் முதுகில், இடம்வலம் மாறி, வெள்ளையாக ஒரு பதினெட்டு.

தட்டிவிட ஒயர்மேனுக்குக் கை எழவில்லை. படுபாவி, போட்டுக்கொடுத்திருந்தாலாவது நிம்மதியாகத் திட்டித் தீர்த்திருக்கலாம்!