படத்துக்காக எழுந்து உட்கார்ந்தவர்

2013 ஜூலையில் ஆக்லாந்தின் ஹென்டர்சனில் காலமான தினேஸ்வரன், பொண்டாட்டியோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளாமல் படுக்கமாட்டேன் என்று பெட்டிக்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வாயைத் திறந்து சொல்லவில்லை, செத்தவர் எப்படிச் சொல்வார்? அந்த வாரம் மழை விட்டபாடில்லை, வெண்டைக்காய் விலை கேட்கச் சகிக்கவில்லை. ஈமக்கிரியை கம்பெனிக்காரர்கள் அவரைக் குளிப்பாட்டி, வேட்டி கட்டி, பெட்டியில் கிடத்தி வீட்டு ஹாலில் கொண்டுவந்து வைத்தார்கள். மூடியைத் திறந்ததும் எழுந்தார். தோளைப் பிடித்து மெல்லப் படுக்கவைத்தால் மறுபடி எழுந்தார். கண் மூடித்தான் இருந்தது, மூச்சும் இல்லை, அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஒடாஹுஹுவிலிருந்து கம்பெனி வேனை ஓட்டி வந்திருந்த சமோவாக்கார டிரைவர், எப்போதாவது இப்படி நடக்கும், ஏதோ குறை இருக்கிறது, வீட்டில் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வேனில் போய் உட்கார்ந்துகொண்டார்.

என்ன குறை என்று அவர் மனைவி வேதவள்ளிக்குத் தெரியும். மலேசியாவில், கிள்ளானில் அவர்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது மாப்பிள்ளை வீட்டில் ஒருவரும் வரவில்லை, கேமராவும் வரவில்லை. பிறகு எல்லோரும் ஆக்லாந்துக்குக் குடிவந்தார்கள், கோபமும் தணிந்தது என்று பேர். தினேஸ்வரனை வளர்த்து ஆளாக்கிய அக்காள் பத்மாவதி, வேதவள்ளியை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. மவுண்ட் ஆல்பர்ட்டில் அவர் வீட்டில் தீபாவளி, பிறந்தநாள் என்று குடும்பம் கூடும்போதெல்லாம் கேமராவை மட்டும் நீட்டுவார். "வேதா, நீயே எடு லா. உனக்குத்தான் கை நடுங்காது." இருபது வருஷத்துக்கு மேல் அவளும் எடுத்தாள். அலமாரி நிறைய ஆல்பம் சேர்ந்தது, ஒன்றில்கூட அவள் இல்லை. தினேஸ்வரன் வாயில்லாப்பூச்சி. வரிசையில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். ஆகவே அவர் மூன்றாம் தடவை எழுந்து உட்கார்ந்தபோது வேதவள்ளிக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது. "உயிரோட இருக்கும்போது ஒரு வார்த்தை கேக்கத் துப்பில்ல, இப்ப வந்து மல்லுக்கு நிக்கிறீங்களா?" என்று அவர் மார்பில் ஒரு தட்டு தட்டினாள். அப்புறம் அங்கேயே சாய்ந்து அழுதாள்.

அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, படம் எடுக்கணும் என்றாள். நல்ல பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, பொட்டும் பூவுமாக வந்தாள். வந்திருந்தவர்கள் வாயில் கை வைத்தார்கள். பிணத்தோடு சேர்ந்து படமா, அதுவும் அலங்காரத்தோடா என்று கூடம் முழுக்கக் குசுகுசுத்தது. மகள் விஷாலினி போனில் தேடிப்பார்த்து, விக்டோரியா மகாராணி காலத்தில் இங்கிலாந்தில் இது சர்வசாதாரணம், செத்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தாய் படத்துக்கு உட்காருவாள், படம் விழ நேரம் எடுக்கும் என்பதால் உயிரோடு இருப்பவர்கள் அசைந்து மங்கிப்போவார்கள், செத்தவர் மட்டும் தெளிவாக விழுவார் என்று இங்கிலீஷில் விளக்கினாள். "வெள்ளைக்காரன் எடுத்தா சரித்திரம், நான் எடுத்தா அசிங்கமா?" என்றாள் வேதவள்ளி.

பத்மாவதி மட்டும் விடவில்லை. "சொன்னாக் கேளு வேதா. செத்தவரோட சேர்ந்து எடுத்தா ஆயுசு குறையும்."

"குறையட்டும் அண்ணி. உங்க ஆல்பத்துல நான் பொறக்கவே இல்ல, அதுல குறைய என்ன இருக்கு?" பெட்டியிலிருந்து அவரைத் தூக்கி சோபாவில் உட்காரவைக்கச் சொன்னாள். டிரைவர் வந்து உதவினார், உடம்பு இறகு போல வந்தது. வேதவள்ளி பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, கேமராவைப் பத்மாவதியிடம் நீட்டினாள். "நீங்க எடுங்க." பத்மாவதி சுற்றும்முற்றும் பார்த்தார். தம்பி விறைப்பாக உட்கார்ந்து காத்திருந்தார். எடுக்காமல் படுக்கமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததால் வேறு யாரும் கை நீட்டவில்லை. பத்மாவதியின் கை வெடவெடவென்று நடுங்கியது, ஆனாலும் அமுக்கினார். படம் துளி மங்கலில்லாமல் விழுந்தது. அதில் தினேஸ்வரன் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தால் மனிதர் தானாகவே சோபாவில் சரிந்து படுத்திருந்தார். சாயங்காலத்துக்குள் வைக்குமெட்டே மயானத்தில் தகனம் முடிந்தது.

வேதவள்ளி அந்தப் படத்தை ஹாலில் மாட்டினாள், மாலை போடவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து மவுண்ட் ஆல்பர்ட் ஆல்பங்களின் பழைய படங்களில் அவள் வர ஆரம்பித்தாள். முதலில் ஒரு பிறந்தநாள் படத்தில், கேக்குக்குப் பின்னால். பிறகு மிஷன் பே கடற்கரையில், தினேஸ்வரனின் கைக்குள். அந்தந்த வருஷத்துச் சேலை, அந்தந்த வருஷத்து உடம்பு. பத்மாவதி கத்தரியால் வெட்டிப் பார்த்தார், மறுநாள் ஒட்டுப்போட்ட தடம்கூட இல்லாமல் திரும்பி வந்து நின்றாள். இரண்டு வருஷம் மல்லுக்கட்டிவிட்டு, கத்தரியைத் தையல் பெட்டியில் போட்டுவிட்டார். விருந்தாளிகள் ஆல்பத்தைப் புரட்டும்போது, இது என் தம்பி பொண்டாட்டி என்று காட்டவும் பழகிக்கொண்டார்.

ஒரே ஒரு படம் மட்டும் அடம்பிடித்தது. வீட்டு வாசற்படியில் குடும்பமே தோளோடு தோள் இடித்து நின்ற பொங்கல் படம் அது. தினேஸ்வரனை ஒட்டிப் பத்மாவதி நிற்க, ஊசி நுழைய இடமில்லை. 2019 மார்ச்சில் ஒருநாள் அந்தப் படத்துப் பத்மாவதி ஒரு படி கீழே இறங்கி நின்றார், வேதவள்ளி மேலே ஏறிப் புருஷன் பக்கத்தில் நின்றாள். அந்த வாரம் பூராவும் பத்மாவதிக்கு முட்டிவலி. வேதவள்ளி தைலம் வாங்கிக்கொண்டு போய்த் தேய்த்துவிட்டாள். தேய்த்து முடித்து ஆல்பத்தை மடியில் விரித்து, அந்தப் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணி, என் முந்தானை மறையுது."

மறுவாரம் போய்ப் பார்த்தபோது பத்மாவதி தள்ளி நின்றிருந்தார்.