குளத்து மட்டிக்கு ஒரு குளம்

மட்டி வளர்க்கிறேன் என்று சொன்னபோது சிரிக்காத மனிதர் ஒருவரையும் நான் புளியங்கூடலில் காணவில்லை. ஆடு வளர்க்கலாம், கோழி வளர்க்கலாம், ஆசைக்கு ஒரு கிளிகூட வளர்க்கலாம். மட்டியை யாராவது வளர்ப்பார்களா? அதுவும் கறிக்கும் உதவாத குளத்து மட்டியை? போதாக்குறைக்கு நான் படிப்பிக்கிற ரீச்சர். விஞ்ஞானம் படித்து மூளை குழம்பிவிட்டது என்று சங்கக்கடை வரிசையில் பேசிக்கொண்டார்கள். என் கணவர் குலசிங்கம் ஊர்காவற்றுறைத் தபாற் கந்தோரில் வேலை செய்தவர். யாராவது அவரை மறித்துக் கேட்டால், பள்ளிக்கூடத்துப் பாடத்துக்காக ஏதோ செய்கிறாள் என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்துவிடுவார்.

எழுபத்து நாலாம் ஆண்டு அது. எங்கள் வளவுக்குப் பின்னால் ஒரு குளம் இருந்தது. நான் கலியாணம் முடித்து அந்த ஊருக்கு வந்த புதிதில், மாடு தண்ணீர் குடிக்க இறங்கினால் அதன் குளம்பு தெரியும். அவ்வளவு தெளிவு. காரணம் அடிச் சேற்றில் புதைந்து கிடந்த மட்டிகள். மட்டி ஒரு பக்கத்தால் தண்ணீரை இழுத்து, அழுக்கைத் தான் வைத்துக்கொண்டு, மற்றப் பக்கத்தால் தெளிந்ததை விடும். சம்பளம் கேட்காமல் இரவு பகலாக அதுகள் இந்த வேலையைச் செய்தன. பிறகு சுண்ணாம்புச் சூளைக்காரர் வந்து ஓட்டுக்காக அவற்றைச் சாக்குச் சாக்காக அள்ளினார்கள். அதோடு மிளகாய்க்கு நல்ல விலை வந்தது. தோட்டங்களில் போட்ட உரம் மழையோடு குளத்துக்குள் இறங்கியது. தண்ணீர் பச்சையாகி நாறத் தொடங்கியது. மாடுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. சனங்கள் தவளைகளைத் திட்டினார்கள்.

அரியநாயகம் அண்ணை தவளைகளைத் திட்டவில்லை. அவர் குளத்தையே மூடச் சொன்னார். மாத்தறையில் நெடுங்காலம் கடை வைத்திருந்து, கடையை விற்றுவிட்டு ஊரோடு வந்து, முன்னேற்றச் சங்கத்துக்குத் தலைவரானவர் அவர். சும்மா இருக்கத் தெரியாதவர். குளத்தை மண் போட்டு நிரப்பி அந்த இடத்தில் மேடையுள்ள ஒரு மண்டபம் கட்டவேண்டும் என்பது அவருடைய கனவு. கூட்டத்தில் நான் எழும்பி, குளம் நாறுவது குளத்தின் பிழையல்ல, மட்டி போனதால் வந்த வினை, மட்டியைப் பெருக்கித் திரும்ப விட்டால் தண்ணீர் தெளியும் என்று சொன்னேன். பின் வரிசை வாங்கில் ஒரு சிரிப்பு. அரியநாயகம் அண்ணை சிரிக்கவில்லை, அதையும் சொல்லவேண்டும். அவர் வியாபாரி. பொருளைக் கண்ணால் பார்த்தால்தான் பேச்சு.

"ஆடி மாசத்துக்கு முன்னம் மட்டிக் குஞ்சைக் கொண்டந்து காட்டும் பிள்ளை. காட்டினால் குளம் குளமாவே இருக்கும். காட்டாட்டில் மண் வரும்," என்றார்.

ஆடியில்தான் உழவு மெசின்கள் சும்மா நிற்கும். மண் ஏற்ற அதுதான் தோதான காலம்.

மட்டிக் குஞ்சைக் காட்டுவது கோழிக் குஞ்சைக் காட்டுவது போலல்ல. தாய் மட்டி குஞ்சுகளைத் தண்ணீரில் ஊதி விடும். அவை கண்ணுக்குத் தெரியாத தூசி. அந்தத் தூசி ஒரு மீனின் செவுளில் போய்க் கவ்விக்கொள்ளவேண்டும். அங்கே ஒட்டியிருந்து, ஓடும் காலும் வந்த பிறகு உதிர்ந்து மணலில் விழும். மீன் கிடைக்காத குஞ்சு அன்றைக்கே செத்துப்போகும். எந்த மீன் என்றாலும் சரி என்றும் இல்லை, அதற்குப் பிடித்த மீனாக இருக்கவேண்டும். மாப்பிள்ளை பார்ப்பதில் எங்கள் ஊராரை மிஞ்சிய சாதி அது.

மழை முடிந்த கையோடு நான் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளத்துக்குள் இறங்கி, காலால் துழாவித் துழாவி மிஞ்சியிருந்த கொஞ்ச மட்டிகளை எடுத்தேன். கரையில் நின்று பார்த்த பெண்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். வீட்டில் மாடு குடிக்கிற பழைய சீமெந்துத் தொட்டியைக் கழுவி, குளத்து மணலை அரித்துப் போட்டு, அதற்குள் அவற்றை விட்டேன். முதலில் திலாப்பியா மீனை விட்டுப் பார்த்தேன். குஞ்சுகள் ஒட்டின, இரண்டொரு நாளில் எல்லாம் உதிர்ந்து செத்தன. சாப்பிடவும் மனமில்லாமல் திரிந்தேன். பிறகு, அதே குளத்துக் கெண்டைகளைக் கூடை வைத்துப் பிடித்துவந்து, மிஞ்சியிருந்த தாய் மட்டிகளோடு விட்டேன்.

கெண்டையில் பிடித்தது. செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்புக்கு நடுவில் ரவை தூவியது போல வெள்ளை வெள்ளையாக நின்றது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நான் ஒரு பிள்ளைக்கும் ஏசவில்லை. அதிலிருந்து தினமும் காலையில் வேலைக்குப் போகமுதல் ஒரு மீனைப் பிடித்து, ஈரக் கையில் வைத்து, செவுளை மெல்லத் தூக்கி, கண்ணாடி வில்லையால் பார்த்துவிட்டுத் திரும்ப விடுவேன். குஞ்சுகள் பழுத்து விழுகிற நாளைத் தவறவிடக் கூடாது. விழுந்தால் மணலை அரித்து, அரியநாயகம் அண்ணையின் கண்ணுக்கு நேரே பிடிக்கலாம்.

இதையெல்லாம் குசினி வாசலில் நின்று ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவரின் மூத்த சகோதரி, நாகபூசணி மச்சாள். கலியாணம் செய்யாமல் எங்களோடு இருந்தவர். எறும்புக்கும் வழி விட்டு நடக்கிற மனுசி. அந்த வீட்டில் நானும் கணவரும் மீன், இறைச்சி என்று மச்சம் சாப்பிடுவோம், மச்சாள் தொடமாட்டார். ஆனாலும் எங்களுக்குக் குறை வைக்காமல், மச்சச் சட்டியைத் தனியாக வெளி அடுப்பில் வைத்துச் சமைத்துத் தருவார். வெள்ளிக்கிழமையும் விரத நாட்களும் அந்தச் சட்டி கவிழ்ந்து கிடக்கும். கோயிற் கொடி ஏறுவதென்றால் சட்டி பத்தாயத்துக்குப் பின்னால் போய்விடும். வீடு முழுக்கக் கழுவப்படும். கொடி இறங்கும்வரை மச்சத்தின் மணமே வளவுக்குள் வரக்கூடாது.

எங்கள் தீவில் பெண்கள் மீன் வாங்கும்போது முதலில் என்ன செய்வார்கள்? செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். சிவப்பாக இருந்தால் சட்டிக்கு ஆகும். நான் தினமும் காலையில் என்ன செய்தேன்? செவுளைத் தூக்கிப் பார்த்தேன். மச்சாளின் கணக்கில் எங்கே பிழை? தொட்டியில் கிடக்கிற மீன்களைத் தம்பி பெண்சாதி தேவி கறிக்குப் பக்குவம் பார்க்கிறாள். கொடியேற்றத்துக்குள் அது முடியாவிட்டால் திருவிழா நாளில் வீட்டுக்குள் மச்சம். நான் மட்டியைப் பற்றி எத்தனையோ தரம் சொல்லியிருந்தேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் மீனின் செவுளில் மட்டி வளரும் என்பதை அவர் நான் சொன்ன சாட்டு என்றே நினைத்தார். யார்தான் நம்புவார்கள்?

கொடியேற்றத்துக்கு முதல் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். படலையில் கால் வைத்ததும் புது மணல். வாசல்வரை வெள்ளையாகப் பரப்பிக் கூட்டியிருந்தது. எவ்வளவு வடிவு என்றுகூட நினைத்தேன். பின்னால் போனால் தொட்டி காய்ந்து கிடந்தது. பொச்சுமட்டை போட்டுத் தேய்த்து, மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது. நான் நடந்து வந்த மணல் என் தொட்டி மணல்தான்.

"மீன் எங்கை மச்சாள்?"

"பயப்பிடாதையும். ஒண்டையும் சாக விடேல்லை. கிணத்துக்கை விட்டனான்."

"ஏன்?"

"தொட்டியிலை கிடந்தால் அது மச்சம் தேவி. கிணத்திலை கிடந்தால் அது சீவன்," என்றார் மச்சாள். ஒரு பெரிய புண்ணியம் செய்த முகம்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். என் தாழியை உடைக்கக்கூட இல்லை, கழுவிக் கவிழ்த்து மஞ்சள் தெளித்து வைத்திருந்தார்கள். நான் கத்தினேன். வாழ்க்கையில் அப்படிக் கத்தியதில்லை. மச்சாள் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். கணவர் வந்து, வேறு மீன் பிடித்தால் போயிற்று என்றார். தாய் மட்டிகள் குஞ்சுகளை விட்டு முடித்துவிட்டன, அவற்றைக் குளத்திலேயே திருப்பி விட்டுவிட்டேன், இனி அடுத்த மழைக்குத்தான் என்று அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? கூடைக்குள் சோற்றை வைத்துக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினேன். கெண்டைகள் சோற்றைத் தின்றுவிட்டுப் போயின. கிணற்றை இறைத்து அடியைப் பார்க்கலாம் என்றால், அயலுக்கே நல்ல தண்ணீர் அந்த ஒரு கிணறுதான். கோடை ஏறிவிட்டது, திருவிழா வேறு. ஆவணியில் ஊரெல்லாம் கிணறு இறைக்கிறபோது பார்க்கலாம் என்று கணவர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

வெறுங்கையோடு கூட்டத்துக்குப் போனேன். குஞ்சு கிணற்றுக்குள் இருக்கிறது, ஆவணிவரை பொறுங்கள் என்று கேட்டேன். கேட்கும்போதே என் காதுக்கே அது கள்ளப் பேச்சாகத்தான் பட்டது. பின் வாங்கில் யாரோ, ரீச்சரின் மட்டி கிணற்றில் விழுந்துவிட்டதாம் என்று சொல்ல, சபை முழுக்கச் சிரித்தது. அரியநாயகம் அண்ணை இந்தமுறையும் சிரிக்கவில்லை. ஆடிக்கு மெசின் பேசியாகிவிட்டது, ஆவணியில் யாரும் தரமாட்டார்கள் என்று மட்டும் சொன்னார்.

ஆடியில் மண் வந்தது. பெட்டி பெட்டியாகக் கொட்டினார்கள். பச்சைத் தண்ணீர் ஓரங்களால் பொங்கி வழிந்து தரவை வெளிக்குள் ஓடிக் காய்ந்தது. நான் பார்க்கப் போகவில்லை. ஆனால் சத்தம் வகுப்பறைக்குள் கேட்டது. பிள்ளைகளிடம் பாடப் புத்தகத்தை வாசிக்கச் சொல்லிவிட்டு யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன். மச்சாளோடு நான் தேவைக்கு மட்டும் பேசினேன். அவர் முன்னைவிடக் கவனமாக எனக்குச் சமைத்துத் தந்தார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த ஆவணியில் எங்கள் கிணறு இறைபடவில்லை. குளம் போனதால் அயல் மாடுகளெல்லாம் எங்கள் கிணற்றடிக்கு வந்தன, ஒருநாள் ஓய்வு கொடுக்க முடியவில்லை. மண்டபம் எழும்பியது. மேடையில் நாடகம்கூடப் போட்டார்கள். அடுத்த கோடையில் ஒவ்வொரு வீட்டுக் கிணறாக உப்புக் கரிக்கத் தொடங்கியது. தீவில் மழைத் தண்ணீரைக் குளம்தான் பிடித்துவைத்து நிலத்துக்குக் கொடுக்கும். அது இல்லாவிட்டால் கடல் கீழால் வரும். குளத்துக்கு மிகக் கிட்ட இருந்த அரியநாயகம் அண்ணையின் கிணறுதான் முதலில் உவரானது. அவர் சைக்கிளில் இரண்டு பக்கமும் வாளி கட்டிக்கொண்டு எங்கள் கிணற்றுக்கு வரத் தொடங்கினார். நல்ல தண்ணீர் என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டு அள்ளிப் போவார். எங்கள் தண்ணீரிலும் நாக்கின் ஓரத்தில் ஒரு கரிப்பு வந்துவிட்டதை நான் சொல்லவில்லை.

அந்த இரண்டாம் வருடத்து ஆவணியில்தான் கிணறு இறைத்தோம். அடித் தண்ணீர் தெரிந்ததும், கூலிக்கு இறைக்க வந்த நாகமுத்து உள்ளே இறங்கிச் சேற்றை வாளி வாளியாக நிரப்பி விட, மேலே கணவர் இழுத்து வாழையடியில் கொட்டினார். மச்சாள் ஒரு தடியால் சேற்றைப் பரப்பிக்கொண்டிருந்தவர், குனிந்து எதையோ எடுத்தார். சீலைத் தலைப்பில் துடைத்தார். பிறகு என்னிடம் ஓடிவந்து உள்ளங்கையை விரித்தார்.

பெருவிரல் நகத்தளவு மட்டி. உயிரோடு. ஓட்டைச் சடாரென்று மூடிக்கொண்டது.

சேறு முழுக்கக் கிடந்தன. எல்லோரும் முழங்காலில் நின்று பொறுக்கினோம். பெரிய தாச்சிச் சட்டி ஒன்று நிறைந்தது. குளத்துக்கு வேண்டிய விதைமுதல். சங்கத்துக் கூட்டத்தில் நான் கைகட்டி நின்று சிரிப்பு வாங்கியபோது இதுகள் என் துலாக் கயிற்றுக்குக் கீழே இருந்து ஓடு கட்டிக்கொண்டிருந்தன. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்றும் தெரியவில்லை. அழுதேன்.

"அழாதையும் தேவி. எல்லாம் உயிரோடை கிடக்கு. இனிக் குளத்திலை..." என்று தொடங்கிய மச்சாள் பாதியில் நிறுத்தினார். மண்டபத்தின் ஓடு வேலிக்கு மேலால் தெரிந்தது. அவர் அந்தச் சேற்றிலேயே குந்திவிட்டார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு நான் போய் அவர் தோளில் கை வைத்தேன்.

அப்போதுதான் படலைக்குள் சைக்கிள் வந்தது. கிணறு இறைப்பது தெரியாமல் அரியநாயகம் அண்ணை தண்ணீருக்கு வந்திருந்தார். தாச்சியைக் கண்டு சைக்கிளைச் சாத்திவிட்டு வந்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டு, ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல சரக்கை வியாபாரிக்குத் தெரியும்.

"மட்டிதான்," என்றார். குரல் இறங்கியிருந்தது.

"குஞ்சைக் காட்டச் சொன்னனீங்கள் அண்ணை," என்றேன் நான். "காட்டிப்போட்டன். இப்ப நீங்கள் குளத்தைக் காட்டுங்கோ."

அவர் கையிலிருந்ததை மெல்லத் தாச்சிக்குள் வைத்தார். வெறும் வாளிகள் இரண்டும் சைக்கிளில் ஆடிக்கொண்டிருந்தன. கிணற்றில் ஊற்று ஊறும்வரை நாங்கள் எல்லோரும் அந்தத் தாச்சியைச் சுற்றி நின்றோம். பிறகு மச்சாள் அதுகளைத் துலா வாளியில் போட்டு, திரும்பவும் அந்தக் கரிக்கிற தண்ணீருக்குள் இறக்கினார்.