கருப்பட்டித் தண்ணீர் குடித்த எலிகள்

எனக்கு யாரையும் லேசில் பிடிக்காது. எங்கள் கல்லூரியில் முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியும். ஆனால் பக்கத்து மேசை ஜெபசுதாவைப் பிடிக்கும். அதை அவளிடமே சொல்லியும் இருக்கிறேன்.

முத்தையாபுரம் தாண்டி இருக்கும் மருந்தியல் கல்லூரி அது. சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுக்கும் பழைய ரத்த அழுத்த மருந்து, அழற்சிக் கட்டிகளையும் சுருக்குமா என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. எலியின் தோலுக்கடியில் சின்னப் பஞ்சு உருண்டையை வைத்துத் தைத்தால், அதைச் சுற்றிக் கட்டி வளரும். பிறகு அதை எடுத்து, உலர்த்தி, எடை போட வேண்டும். மருந்து சாப்பிட்ட எலிகளின் கட்டி பாதி எடைதான் இருந்தது. துறையே கொண்டாடியது. வழிகாட்டி ஞானையா சார் மக்ரூன் வாங்கி வந்தார். அந்த மனிதர் எதையும் வாங்கித் தந்து நான் பார்த்ததே இல்லை.

ஆய்வேட்டைக் கொடுக்கும் கெடு நெருங்கியபோது, ஒரு மத்தியானம் அவளுக்குக் கருப்பட்டிக் காப்பியை நீட்டினேன். வாங்கியவள் குடிக்காமல் டம்ளரையே பார்த்தாள், பிறகு விஷயத்தைச் சொன்னாள். மருந்து கசக்கும், எலி துப்பிவிடும். கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடிக்காரி அல்லவா, பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரி மருந்தைக் கருப்பட்டித் தண்ணீரில் கலந்து கொடுத்திருக்கிறாள். மருந்தில்லாத எலிகளுக்கு வெறும் தண்ணீர். கட்டி சுருங்கியது மருந்தாலா கருப்பட்டியாலா என்று இனி யார் சொல்வது?

கெடு தவறினால் பதிவே ரத்தாகும், இத்தனை வருஷப் பாடும் மண்ணாகும். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஏளா, யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரிஞ்சு போச்சேக்கா” என்றாள்.

ஞானையா சார் கத்தித் தீர்த்தார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கெஞ்சிக் கூத்தாடிக் கெடுவை நீட்டித்து வாங்கினாள். இந்த முறை எல்லா எலிகளுக்கும் கருப்பட்டித் தண்ணீர். மருந்து சாப்பிட்டவை, சாப்பிடாதவை இரண்டிலும் கட்டிகள் ஏறக்குறைய ஒரே எடை. மருந்தால் ஒன்றுமே நடக்கவில்லை. நான்தான் அழுதேன். அவள் அதையே ஆய்வேடாக எழுதிக் கொடுத்துவிட்டாள்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளியூர்ப் பேராசிரியர், அப்படியானால் நீ கண்டுபிடித்ததுதான் என்னம்மா என்று கொஞ்சம் இளக்காரமாகவே கேட்டார்.

“என் எலிகள்ல இந்த மருந்து கட்டியைக் குறைக்கல சார். குறைக்குதுன்னு எழுதியிருந்தா, அதை நம்பி யாராவது கட்டியோட காத்திருந்திருப்பாங்க.”

முன்னுரையில் ஒரு வரியில் வரும் முதல் சோதனையின் எடைகளை எங்கே ஒளித்தாய் என்றார். மூன்றாம் அத்தியாயம் என்றாள். அவர் புரட்டினார். ‘நான் செய்த தவறு’ என்று தலைப்பிட்டு, ஒவ்வொரு எலியின் எடையும் அங்கே இருந்தது. முழுவதையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“உட்காருங்க, டாக்டர்” என்றார்.