இரண்டு மில்லி பால்

என் கணவர் முஹ்ஸின் மெக்கானிக்கல் எஞ்சினியர். ஆனால் எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டரைத் திருத்த அவருக்குத் தெரியாது. கல்முனையில் இப்படியொரு மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு தலைநிமிர்ந்து நடப்பது லேசான காரியமில்லை.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். இவர் வந்து சில நாட்களிலேயே மோட்டர் நின்றுபோனது. அரிசி மில் நடத்தும் என் வாப்பா மிகுந்த மரியாதையோடு ஸ்பேனரை இவர் கையில் கொடுத்தார். இவர் மோட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, குழாய் நுனியில் சொட்டுச் சொட்டாக வழிந்த தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கடைசியில் சந்தியிலிருந்து மெக்கானிக் வந்துதான் அதைத் திரும்பப் பூட்டி ஓடவைத்தான். வாப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"பேராதனையில நாலு வருசம், கொரியாவுல ஆறு வருசம். அப்பிடி என்னத்த மகன் படிச்சீங்க?"

மைக்ரோஃபுளூயிடிக்ஸ் என்றார் இவர். தலைமயிரை விட ஒடுங்கிய வாய்க்கால்களைக் கண்ணாடித் துண்டில் வெட்டி, அதற்குள் இரத்தத்தை ஓடவிட்டு, ஒரேயொரு துளியிலேயே நோயைக் கண்டுபிடிக்கிற படிப்பு என்று விளக்கினார். வாப்பாவுக்கு அதில் வாய்க்கால் மட்டும் விளங்கியது. அந்த வாய்க்காலால் எந்த வயலுக்குத் தண்ணி பாயும் என்று கேட்டார். தெருப் பெண்களின் காதில் விழுந்ததோ மைக்ரோ மட்டும்தான். மைக்ரோ என்றால் எங்கள் ஊரில் சிறுகடன் கொடுத்துவிட்டு, கிழமைக்குக் கிழமை அதை வசூலிக்க வருகிறவர்கள். கொஞ்ச நாள் இவர் தெருவில் இறங்கினாலே கதவுகள் சாத்திக்கொண்டன. நான் வயிறு நோகச் சிரித்தேன். பாவம், இவரும் சேர்ந்து சிரித்தார்.

கொரியாவில் முதல் இரண்டு வருடமும் காற்றுக் குமிழியோடுதான் மல்லுக்கட்டினாராம். கண்ணுக்குத் தெரியாத ஒரு குமிழி வாய்க்காலுக்குள் புகுந்தால் எல்லாம் நின்றுவிடுமாம். ஆத்திரத்தில் அமுக்கினால் கண்ணாடியே வெடித்துவிடுமாம். பொறுமையாக இருந்து, வந்த வழியே அதை வெளியே கூட்டிவர வேண்டுமாம். ஏதோ இரண்டு வருடத்தை வீணாக்கியவர் போல வெட்கப்பட்டுக்கொண்டு இதைச் சொன்னார். அந்த வெட்கத்துக்காகவே எனக்கு இவரைப் பிடித்துப்போனது.

எங்கள் மகள் குறைமாதத்தில், நாளுக்கு இரண்டு மாதம் முந்தியே பிறந்தாள். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தாள். ஆஸ்பத்திரியில் அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அந்தப் பெட்டியின் வட்டத் துவாரத்தில் வாயை வைத்து, பிறந்த பிள்ளைக்குச் சொல்கிற பாங்கை இவர் அவள் காதுக்கு மெதுவாகச் சொன்னார். ஆனால் கையை மட்டும் உள்ளே விடவில்லை. தாதி கஜேந்தினி மிஸ், தொடலாம், ஒன்றும் ஆகாது என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார்.

"அவள்ர ரத்த நரம்பெல்லாம் எவ்வளவு ஒடுக்கம் எண்டு எனக்குத் தெரியும், சிபானா," என்றார் இவர். "தெரியாம இருந்திருந்தா தொட்டிருப்பன்."

இனி எல்லாம் பாலில்தான் இருக்கிறது என்று டொக்டர் சொன்னார். வயிறு பாலை ஏற்றுக்கொண்டால் சேலைனைக் கழற்றலாம், பிள்ளை தேறிவிடும். ஏற்காவிட்டால் என்னவென்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவளுக்கு உறிஞ்சிக் குடிக்கத் தெரியாது. மூக்கு வழியாக வயிற்றுக்கு நூல் போன்ற ஒரு குழாய் போட்டிருந்தார்கள். நான் பீச்சிக் கொடுத்தது இரண்டு மில்லி பால். ஒரு போத்தல் மூடிகூட நிறையாது.

மிஸ் அந்தப் பாலை உள்தண்டு கழற்றிய சிரிஞ்சில் ஊற்றிக் குழாயில் பொருத்தினார்.

"இத வாப்பா பிடிக்கட்டும்," என்றார். "உயர்த்திப் பிடியுங்க. பால் தன்பாட்டுல இறங்கணும்."

இவரை வாப்பா என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். இவருடைய கை நடுங்கியது. பால் பாதி இறங்கி அப்படியே நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து வேறொரு பிள்ளையின் மெஷின் கத்த, மிஸ் அங்கே ஓடினார். என் பிள்ளையின் வயிறு பாலை ஏற்கவில்லை என்றே நினைத்தேன். உள்தண்டைப் போட்டுப் பாலை அமுக்கிவிடுங்கள் என்று இவரை அவசரப்படுத்தினேன்.

"இல்ல. காத்து நிக்கிது."

குழாய்க்குள் கடுகளவில் ஒரு குமிழி நின்றது. அதைக் கண்டதும் இவருடைய கை நடுக்கம் நின்றுவிட்டது. சிரிஞ்சை மெல்ல மெல்லக் கீழே இறக்கினார். குமிழி மேலேறி வந்து, பாலின் மேல் உடைந்தது. பிறகு கையை மறுபடி உயர்த்தினார். பால் இறங்கத் தொடங்கியது. திரும்பி வந்த மிஸ் பார்த்துவிட்டு, அப்படித்தான் என்று தலையாட்டினார்.

கடைசித் துளியும் இறங்கிய பிறகு, இவர் மற்றக் கையைத் துவாரத்துக்குள் விட்டு, ஒரு விரலை மகளின் உள்ளங்கையில் வைத்தார். அவள் பிடித்துக்கொண்டாள். இவர் அழுதார். நானும் அழுதேன்.

அதற்குப் பிறகு வார்டுக்குள் அனுமதித்த நேரமெல்லாம் பால் கொடுத்தது இவர்தான். வாப்பாவுக்கு வெளியே நின்று கண்ணாடிக் கதவு வழியாகப் பார்க்கத்தான் அனுமதி. மருமகன் ஏன் ஒற்றைக் கையை உயர்த்தித் துஆக் கேட்கிறார், இறைவனிடம் இரண்டு கையும் ஏந்த வேண்டாமா என்று என்னிடம் விசாரித்தார். இதைத்தான் இவர் கொரியாவில் ஆறு வருடம் படித்தார் என்று வாப்பாவிடம் சொன்னேன். வாப்பா கண்ணாடிக் கதவில் நெற்றியை ஒட்டிவைத்து மறுபடி பார்த்தார். பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ, மருமகன் என்ன எஞ்சினியர் என்று கேட்டார்கள்.

"வாய்க்கால் எஞ்சினியர்," என்றார் வாப்பா. மில்லில் நெல் மூட்டை அடுக்கி முடித்த நாளில்கூட அவர் முகத்தில் அவ்வளவு பெருமையை நான் கண்டதில்லை.

கிழமைகள் போயின. ஒருநாள் மிஸ் திரையை இழுத்துவிட்டு, மகளை என் நெஞ்சோடு அணைத்துவைத்தார். குடித்தால் குடிக்கட்டும், இல்லாவிட்டால் குழாய் இருக்கிறது என்றார். இவர் பால் ஊற்றிய சிரிஞ்சை, நுனியை விரலால் அடைத்து, உயர்த்திப் பிடித்தபடி ஆயத்தமாகப் பக்கத்தில் நின்றார். மகள் முகத்தை இங்கும் அங்கும் திருப்பித் தேடினாள். பிறகு கவ்வினாள். அவள் விழுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"கையை இறக்குங்க," என்றேன். "புள்ள தானாக் குடிக்கிறா."

"கொஞ்சம் பொறு சிபானா," என்றார் இவர். "காத்துக் கீத்து நிண்டுரும்."

அவள் குடித்து முடித்துத் தூங்கும் வரை அந்தக் கையை அவர் இறக்கவேயில்லை.