துலிப் பார்க்க ஒரு ரயில்

பரீதாவுக்குத் துலிப் பூவைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. மணக்குமா, மணக்காதா, தலையில் வைக்கலாமா, எதுவும் தெரியாது. ஆனாலும் முல்லா வீதியில் இருந்த அந்த வீட்டில் ஒரு மாதமாகத் துலிப் பேச்சுதான். டீயை நீட்டும்போது துலிப், மீன் அலசும்போது துலிப், துணி மடிக்கும்போது துலிப். கேட்டுக் கேட்டு அவள் கணவர் சிராஜுதீனுக்குக் காது புளித்துப்போனது.

“பூவு பாக்கவா அவ்ளோ தூரம் போவணும்? இங்க வருஷா வருஷம் மலர்க் கண்காட்சி போடறான். என்னிக்காவது வந்திருக்கியா நீ?”

“அது வேறங்க. இது ஆம்ஸ்டர்டாம்.”

“ஆம்ஸ்டர்டாமாம்! பேர ஒழுங்கா சொல்லவே ஒனக்கு ஒரு வாரம் ஆச்சி.”

பாரிஸில் சிராஜுதீனுடைய அக்கா மகன் ஜாகிருக்கு ஏப்ரலில் நிக்காஹ். சிராஜுதீன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஊர் வழக்கில் சொன்னால் சொல்தா. புருஷன் பெண்டாட்டி இருவரிடமும் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்ததால் விசாவுக்கு அலையும் தொல்லை இல்லை. கல்யாணம் முடிந்த கையோடு இன்னொரு ஊரையும் ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஆசை காட்டியது அவர்தான். அவர் மனதில் இருந்தது துலோன். இளவயதில் அவர் இருந்த படைமுகாம் அங்கேதான், தெற்குக் கடற்கரையில். பரீதாவோ வடக்கே ஆம்ஸ்டர்டாமுக்குத்தான் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

காரணம் துலிப் இல்லை. வடக்கே போகிற ரயில் வழியில் பிரஸ்ஸல்ஸில் நிற்கும். பிரஸ்ஸல்ஸில் லமீஸ் இருந்தாள்.

லமீஸ் அவர்களுக்கு ஒரே மகள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஜாகிருக்குப் பேசி முடித்த பெண்ணும் அவள்தான். பத்திரிகை அடித்து, பாதி ஊருக்குக் கொடுத்தும் முடித்த பிறகு, பாரிஸில் படித்துக்கொண்டிருந்தவள் போனில் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வேறு யாரையும் மனதில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. ஜாகிரோடு வளர்ந்தவள், அவனைப் புருஷனாக நினைக்க முடியவில்லை, அவ்வளவுதான். அக்கா முன்னால் தலைகுனிந்து நின்ற சிராஜுதீன், “இனிமே அவ எனக்கு மவ இல்ல. அவ வாசப்படிய மிதிக்க மாட்டேன், இது ஒனக்கு நா குடுக்கற வாக்கு” என்றார். மனுஷன் அந்த வாக்கை லேசில் விடவில்லை. மகள் பெயரை யாராவது எடுத்தால் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார். படிப்பு முடிந்து அவள் பிரஸ்ஸல்ஸில் வேலைக்குப் போனது கூட அவருக்கு அடுத்தவர் வாயால்தான் தெரிந்தது.

மகளோடு பரீதாவின் பேச்செல்லாம் மத்தியானத்தில். ஊரே கடையைச் சாத்திக்கொண்டு கண்ணயரும் நேரம். அவர் குறட்டை விட ஆரம்பித்ததும் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறிவிடுவாள்.

“வண்டி ரெண்டு மூணு நிமிஷந்தாம்மா நிக்கும்” என்றாள் லமீஸ். “எந்தப் பெட்டின்னு மட்டும் சொல்லு. நா கதவாண்டயே வந்து நிக்கறேன்.”

“பாத்ரூம் போறேன்னு சொல்லிட்டு எழுந்து வந்துடறேன். ஒங்க அத்தா ரயில்ல ஒக்காந்தாலே தூங்கிடுவாரு.”

“ரெண்டு நிமிஷத்துல என்னம்மா பேசறது?”

“பேசறதுக்கு யாருடி வந்தா? ஒன்ன ஒரு தபா கட்டிப் புடிச்சிட்டு ஏறிடுவேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, ரயில் டிக்கெட் இன்னும் போடவில்லை. வடக்கா தெற்கா என்று சண்டை போட்டே நாள் ஓடி, விமானம் ஏற இரண்டு நாள்தான் இருந்தது. டிராவல்ஸ் வைத்திருந்த விஜயராகவன் தினமும் போன் பண்ணி, “ஒரு முடிவு சொல்லுங்க சார், ரேட்டு ஏறிக்குனே போவுது” என்று நச்சரித்தான். சிராஜுதீன், “சாயந்திரம் வந்து துலோனுக்கே போட்டுடறேன்” என்று சொன்னது அடுப்படி வரை கேட்டது. பரீதா பாலைப் பொங்கவிட்டாள். உப்புப் போட்ட குழம்பில் மறுபடியும் உப்புப் போட்டாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோனது.

இதற்கிடையில் இவர்கள் போகிற சேதி தெரிந்து தெருவே பொட்டலத்தோடு வந்துவிட்டது. பிரான்சுக்குப் போகிறவர் பெட்டியில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்பது நம்மூர்ச் சட்டம் ஆயிற்றே! ஒருத்தி தன் தம்பிக்கு நெத்திலிக் கருவாடு, ஒருத்தி மருமகளுக்குச் சீயக்காய். பரீதா தன் பங்குக்கு மூன்று டப்பா தம்ரூட் செய்தாள். ரவையும் பாலும் நெய்யும் கிளறி, மேலே தணல் போட்டு வேகவைத்த இனிப்பு, எத்தனை நாளானாலும் கெடாது.

பெட்டி அடுக்குவது எப்போதும் சிராஜுதீன் வேலை. ராணுவத்துப் பழக்கம், பார்க்காமல் ஒரு பொருளை உள்ளே விடமாட்டார். கருவாட்டை முகர்ந்தார், சீயக்காயை உதறிப் பார்த்தார். தம்ரூட் டப்பாக்களைத் திறந்தார். முதல் டப்பாவில் மேலெல்லாம் முந்திரி. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது டப்பாவில் ஒரு முந்திரி கூட இல்லை.

“இது யாருக்கு?”

“யாருக்குன்னா? எல்லாமே ஒங்க அக்காவுக்குத்தான்.”

“முந்திரி இல்லாத தம்ரூட்ட எங்க அக்கா தொடவே மாட்டா.”

தீர்ந்துபோச்சு, மறந்துபோச்சு, என்னத்தையாவது சொல்லியிருக்கலாம். பரீதா டப்பாவை வாங்கக் கை நீட்டினாள். முந்திரி பட்டால் தொண்டை வீங்குகிற ஆள் அந்தக் குடும்பத்தில் ஒருத்திதான். ஐந்து வயதில் அப்படி வீங்கி மூச்சு திணறியபோது, ராத்திரியில் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் இதே சிராஜுதீன்.

அவர் டப்பாவை விடவில்லை. பரீதாவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ, கொட்டித் தீர்த்துவிட்டாள்.

“ஆமா, எம்மவளுக்குத்தான்! துலிப்பும் வேணாம் ஒரு எழவும் வேணாம் எனக்கு. வடக்க போற வண்டி அவ ஊருல நிக்குது, அதுக்குத்தான் கேட்டேன். மூணு வருஷமா எம்புள்ள மொவத்த போன்லயே பாத்துக்குனு கெடக்கறேன். ஜாகிர் கல்யாணத்துல நா சிரிச்சிக்குனு நிப்பேன், பந்தி பரிமாறுவேன், ஒங்க மானத்துக்கு ஒரு கொறையும் வெக்க மாட்டேன். அப்பறம் ரெண்டு நிமிஷம் அவள பாக்கக்கூடாதா? நா பெத்தவங்க!”

சிராஜுதீன் டப்பாவை மூடினார். பெட்டிக்குள்ளும் வைக்கவில்லை, எடுத்தும் எறியவில்லை. கட்டில்மேல் வைத்துவிட்டு, ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போனவர் போனவர்தான். கூப்பிட்டால் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பரீதா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். பாழாய்ப்போன வாய், சும்மா இருந்திருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்கு நின்றால் மனம் அதில் நிற்கவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு விஜயராகவனுக்குப் போன் போட்டாள்.

“சார் வந்துட்டுப் பூட்டாரும்மா. டிக்கெட் போட்டாச்சி.”

“எந்த ஊருக்குப்பா?”

“அவுரே சொல்லிக்கறேன்னாரும்மா.”

துலோன்தான், சந்தேகமே இல்லை என்று முடிவு செய்துகொண்டாள். மகளிடம் எந்த முகத்தோடு சொல்வது? கட்டிலில் கிடந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சிராஜுதீன் வந்தார். ஒரு சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தார்.

“ரெண்டு டிக்கெட்டு போட்டிருக்கேன். எனக்கு ஆம்ஸ்டர்டாம். ஒனக்கு பிரஸ்ஸல்ஸ்.”

“நீங்க எறங்கலியா?”

“நா எறங்க மாட்டேன். எங்க அக்காவுக்கு வாக்கு குடுத்திருக்கேன், வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு. நீ எறங்கிக்க. ரெண்டு நாள் அவகூட இரு. நா போய் அந்தத் துலிப்ப பாத்துட்டு வர்றேன். திரும்பி வர்றப்ப நா வர்ற வண்டிலயே நீ ஏறிக்க.”

“நீங்க ஒண்டியாவா? பூவு பாக்கவா?”

“ஒரு மாசமா நீ போட்ட கூத்துக்கு யாராச்சும் பாத்துத்தான ஆவணும்.”

பரீதாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இரண்டையும் செய்தாள். அவர் அவள் மடியிலிருந்த டப்பாவை வாங்கி, முந்திரி போட்ட டப்பாக்கள் பக்கம் சேர்க்காமல், தன் சட்டைகளுக்கு நடுவே தனியாக வைத்தார். மடித்த சட்டையையே மறுபடியும் பிரித்து மடித்தார்.

“அங்க வண்டி எவ்ளோ நேரம் நிக்குமாம்?”

“ரெண்டு மூணு நிமிஷந்தானாம்.”

“ஜன்னல் தொறக்குமா?”

“தொறக்காதாங்க. முழுக்கக் கண்ணாடி.”

அவர் பெட்டியை மூடினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். அவள் பக்கம் திரும்பவேயில்லை.

“ஜன்னலோரமாத்தான் கேட்டு வாங்கியிருக்கேன். எந்தப் பக்கம் பிளாட்பாரம் வரும்னு விஜயராகவனுக்குத் தெரியல. அவள கேட்டு வையி.”