பின்னாலி

மேடையில் மூன்றாவது பேச்சாளர், கவிதை நூலின் தலைப்பான 'பின்னாலி' என்ற சொல்லுக்கு விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். முதலாமவர் அதை மரணம் என்றிருந்தார். இரண்டாமவர் வரலாறு என்றார். இவர் இருவரையும் ஒரு புன்னகையால் மன்னித்துவிட்டு, மனிதகுலத்தின் மனசாட்சி என்றார். கைதட்டல் எழுந்தது. நூலை எழுதிய கவிஞர் அடக்கமாகத் தலை குனிந்தார். அவரிடம் அடக்கம் நிறைய உண்டு. மைக்கைக் கண்டால் வெளியே எடுப்பார்.

பின்னாலி என்றால் நிழல். கவிஞரைத் தவிர அரங்கில் அது தெரிந்தவள், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய அண்ணி மட்டும்தான். அவள் மகள் வைத்த பெயர் அது. விளக்கை அணைக்கப் போனால், "இரும்மா, என் பின்னாலி இன்னும் படுக்கல" என்பாள். காய்ச்சல் கொண்டுபோன பிள்ளை. துக்கத்துக்கு வந்த கொழுந்தன், "அவ பேசினது ஏதாவது சொல்லுங்கண்ணி" என்று விசும்பியபோது இதைத்தான் சொன்னாள். அந்த அழுகை பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் இத்தனை வலித்திருக்காது.

புத்தகத்தைப் பிரித்தாள். சமர்ப்பணம்: என் தனிமைக்கு. அதற்கு முந்தைய பக்கத்தில், ஆசிரியரின் எழுத்துபூர்வ அனுமதியின்றி இந்நூலின் எந்தப் பகுதியையும் பயன்படுத்தக் கூடாது என்றிருந்தது.

ஒரு வக்கீலைத் தேடிப் போய் அந்த வரியைக் காட்டினாள்.

"அப்போ அந்த வார்த்தைய நான் சொல்லக்கூடாதா சார்?"

"தாராளமா சொல்லுங்கம்மா. ஒத்தைச் சொல்லு யாருக்கும் சொந்தமில்ல. அவர் எழுதின கவிதைதான் அவரோடது. சட்டம் நெனப்பைக் காக்காது, அதை எழுதின விதத்தைத்தான் காக்கும். பாப்பா கதை, பாட்டுன்னு எதையாவது எழுதி வெச்சிருக்கா?"

"'அ'வையே திருப்பிப் போட்டுதான் சார் எழுதுவா."

"பேசினதை ரெக்கார்டு பண்ணினீங்களா?"

"கூடவே இருக்கப்போறவதானேன்னு இருந்துட்டோம்."

வக்கீல் பேனாவை மூடினார். "பாப்பா பேரைப் போடச் சொல்லி அவரையே கேட்டுப் பாருங்க. சட்டமா இல்ல, சொந்தமா."

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்தார்.

"அவ பேரு ஒரு ஓரத்துல இருந்தாப் போதும் தம்பி. வேற ஒண்ணும் வேணாம்."

"ஐயோ அண்ணி, இலக்கியத்துல அப்படியெல்லாம் பாக்க முடியாது. அது சும்மாக் கெடந்த சொல்லு. நான்தான் அதுக்கு உயிர் குடுத்தேன்."

சொன்ன பிறகுதான் அந்தக் கடைசி வாக்கியம் அவர் காதிலேயே விழுந்தது. இருமினார். அவருடைய அண்ணன், குழந்தையின் அப்பா, செய்தித்தாளை முகத்துக்கு நேராக இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

கவிஞர் குரலைத் தணித்தார். "ஒண்ணு செய்யலாம். அந்த மாதிரி வேற ஏதாவது சொல்லியிருக்காளா? குடுங்க. அடுத்த தொகுப்புல அவ பேரையே போட்டுடறேன். முதல் பக்கத்துலயே."

முதல் பக்கம். மகளின் பெயர் அச்சில் எப்படி இருக்கும் என்று ஒரு கணம் பார்த்துவிட்டாள்.

இன்னொரு சொல் இருந்தது. அழுது முடித்த பிறகு அம்மாவுக்கு ஒரு முகம் வரும். அதற்கு மகள் வைத்த பெயர். நாக்கு நுனி வரை வந்தது.

"இல்ல தம்பி. எதுவும் ஞாபகமில்ல."

"நல்லா யோசிச்சுப் பாருங்க அண்ணி."

"பாக்கறேன்" என்று எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள் அந்தப் பெயரை, யாரையோ கூப்பிடுவதுபோல், ஒருமுறை சொன்னாள். கையிலிருந்த எவர்சில்வர் தட்டில் தண்ணீர் வழிய வழிய, அந்த முகம் தெரிந்தது.